சுழல் நாற்காலி

"என் புரோகிராமை ஃபைசல் கையில கொடுக்க மாட்டேனுங்க," என்றான் அருள்வளவன்.

அவனுடைய வலது கையில் மாவுக்கட்டு. ஞாயிற்றுக்கிழமை ஷட்டில் ஆடப் போய் மணிக்கட்டை முறித்துக்கொண்டு வந்திருந்தான்.

மணிமொழி நிமிர்ந்து பார்த்தாள். எங்கள் டீமுக்குத் தலைவி. வளவனைவிட வயதில் சின்னவள். ஆனாலும் ஆபீஸ் முழுக்க அவளைக் குரு என்றுதான் சொல்வோம். கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொன்னதே கிடையாது என்பதால் வந்த பெயர்.

"ஏன்?" என்றாள்.

"அவன் மவுஸைப் புடிச்சு மாவாட்டுவானுங்க."

பக்கத்து மேஜையிலிருந்து ஃபைசலின் குரல் வந்தது. "உன் எடிட்டருக்குள்ள போனவன் வெளிய வர வழி தெரியாம இன்னும் உள்ளயே சுத்திட்டு இருக்கான்டா."

எடிட்டர் என்பது புரோகிராம் எழுதுகிற பலகை, அவ்வளவுதான். ஆனால் எங்கள் கூட்டத்தில் சாதி விட்டுச் சாதி கல்யாணம்கூட நடக்கும். எடிட்டர் விட்டு எடிட்டர் மாற மாட்டோம். வளவனுடையது வெறும் கறுப்புத் திரை. எல்லா வேலையும் கீபோர்டிலேயே. ஃபைசலுடையதில் தொட்ட இடமெல்லாம் கலர் பட்டன். இரண்டு பேருக்கும் கர்வம் தலைக்கு மேலே ஒரு முழம்.

வளவனின் புரோகிராம் ரத்த வங்கிகளுக்கானது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த வகை ரத்தம் இருக்கிறது என்று காட்டும். அதில் ஒரு கோளாறு: காலாவதியான பைகளையும் நல்ல இருப்பாகக் காட்டியது. சாயங்காலத்துக்குள் சரியாகாவிட்டால் மொத்தத்தையும் ஹைதராபாத் டீமிடம் கொடுத்துவிடுவதாக மேலிடத்து உத்தரவு. பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கச் சொன்ன மாதிரி ஆகிவிட்டது அவனுக்கு.

"இடது கை இருக்குதே," என்றாள் குரு.

"காலைல இருந்து பார்த்துட்டேனுங்க. நத்தை வேகம்தான்."

"வாய்?"

வளவன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய் ஃபைசலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஜே, ஜே, ஜே," என்றான்.

ஃபைசல் அடித்தான். புரோகிராமுக்கு நடுவே மூன்று ஜே வந்து உட்கார்ந்தன.

"டேய், மூணு வரி கீழ போகச் சொன்னேன்!"

"அப்படின்னு சொல்றதுக்கென்ன? உன் எடிட்டர்ல ஜேன்னா கீழன்னு எனக்கு ஜோசியமா தெரியும்?"

மத்தியானம்வரை இதே கதைதான். அவன் விசையின் பெயரைச் சொல்வான், இவன் அந்த எழுத்தை அடிப்பான். கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்த குரு, வளவனின் நாற்காலியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். இப்போது அவன் முதுகுக்குப் பின்னால் திரை. முன்னால் சுவரும் ஒரு தண்ணீர் கேனும்.

"ஒண்ணும் தெரியலைங்களே!"

"ம்," என்றபடி குரு போய்விட்டாள்.

வளவன் கேனையே முறைத்துக்கொண்டிருந்தான். பிறகு கண்ணை மூடினான்.

"ஃபைசல். முதல்ல, ஒரு பை ஆஸ்பத்திரிக்குள்ள வருது."

"சரி."

"அதுல ரத்த வகையைப் படிக்கிறோம். அடுத்து எந்த ஊர்னு படிக்கிறோம்."

"அந்த இடத்துலதான் இருக்கேன். சொல்லு."

சொன்னான். அத்தனை பெரிய புரோகிராமை, ஒரு வரி பார்க்காமல், தேர் எந்த வீதியில் எப்படித் திரும்பும் என்று உள்ளூர்க்காரன் சொல்வதைப் போலச் சொல்லிக்கொண்டே போனான். ஃபைசலின் மவுஸ் அவன் வார்த்தைக்கு முன்னால் போய் நின்றது. அவரவர் வேலையை விட்டுவிட்டு எல்லாரும் வந்து நின்றோம். இவர்களோடு வேலை பார்க்கிறோம் என்று எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது.

"அப்புறம் அதோட ஆயுசைக் கணக்குப் போடறோம். பை வந்து சேர்ந்த நாள்ல இருந்து..."

நிறுத்தினான்.

"ரத்தம் எடுத்த நாள்ல இருந்துல்ல போடணும்," என்றான் மெதுவாக.

ஃபைசல் ஒரே சொடுக்கில் அந்த வரிக்குப் போனான். மாற்றினான். ஓட்டிப் பார்த்தான். காலாவதியான பைகள் பட்டியலிலிருந்து மறைந்தன.

"என் மவுஸ்!" என்றான் ஃபைசல்.

"என் மண்டை!" என்றான் வளவன்.

ஹைதராபாத்துக்கு எதுவும் போகவில்லை.

கட்டுப் பிரித்து வந்த அன்று வளவன் நேராகத் தன் கறுப்புத் திரையைத்தான் திறந்தான். அன்றைக்கும் ஒரு கோளாறு வந்திருந்தது. கீபோர்டில் கை வைப்பதற்கு முன் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு திரும்பினான். விரல்கள் பறந்தன.

ஃபைசல் எட்டிப் பார்த்தான். "இன்னும் அதே எடிட்டர்தானா?"

"சாகற வரைக்கும்."

"அப்ப குரு உனக்கு என்னத்தைத்தான் கத்துக் கொடுத்தாங்க?"

வளவன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாற்காலி சுத்தும்னு."