கட்டியக்காரர் சொன்ன புதுப் பட்டம்

முன்பு, எந்த வரைபடத்திலும் அகப்படாத ஒரு ராஜ்யத்தில் மகுடேசுவர பூபதி ஆண்டுவந்தார். ஒருநாள் அவர் சபையிலிருந்து ஓர் ஆங்கிலேய வியாபாரி கோபமாக வெளியேறினான்.

"என்னவாம்?" என்றார் ராஜா.

மொழிபெயர்க்கும் துபாஷி நெளிந்தார். "தாங்கள் ஹியர் செய்தீர்களாம், லிசன் செய்யவில்லையாம் பிரபு. நமக்கு இரண்டும் கேட்பதுதான். ஆங்கிலத்தில் வேறு வேறாம்."

"என்ன வேறு?"

துபாஷிக்குத் தெரியவில்லை. தளவாய் ஆண்டியப்பர் துள்ளி எழுந்தார்.

"பிரபு! நம் விகடகவி மருதாசலம் நாலெழுத்து ஆங்கிலம் படித்தவர். நாளைக்குள் அந்த வித்தியாசத்தைச் சபையில் நடத்திக் காட்டட்டும். வாய் விளக்கம் கூடாது. முடியாவிட்டால் நாட்டைவிட்டுக் கிளம்பட்டும்!"

"சபாஷ்! அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மருதாசலத்தின் மனைவி அன்றைக்கே மூட்டை கட்டிவிட்டாள்.

மறுநாள். ராஜா சபைக்குள் நுழைய, கட்டியக்காரர் வேலப்பன் தடியைத் தட்டினார். தினமும் பாடும் அதே ராகம்.

"ராஜாதி ராஜ! ராஜ கம்பீர! சோம்பேறிகளின் சக்கரவர்த்தி! பாகற்காய்க்குப் பயந்த பராக்கிரம! பராக்! பராக்!"

"வாழ்க! வாழ்க!" என்றது சபை. தளவாய் குரல்தான் உச்சம். ராஜா மீசையை நீவியபடி அமர்ந்தார்.

"எங்கே வித்தை, மருதாசலம்?"

"முடிந்துவிட்டது பிரபு."

"என்னய்யா உளறுகிறீர்!" என்று சீறினார் தளவாய்.

"வேலப்பரே, இன்னொரு தரம்" என்றார் மருதாசலம். " ராகம் வேண்டாம். நிதானமாக."

வேலப்பன் தடியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டார். "வேண்டாம் சாமி, நான் பிள்ளைகுட்டிக்காரன்..."

"சொல்!" என்றார் ராஜா.

சொன்னார். ஒவ்வொரு சொல்லாக.

ராஜாவின் கை வாளுக்குப் போனது.

மருதாசலம் கைகூப்பினார். "பிரபு, எழுதிக்கொடுத்தவன் நான். முதலில் கேட்டபோது மீசையை நீவினீர்களே, அது ஹியர். இப்போது வாளைப் பிடித்தீர்களே, இது லிசன்."

"ராஜ நிந்தனை!" தளவாய் அலறினார். "இவர் தலையை..."

"அந்த நிந்தனைக்கு உச்சக் குரலில் வாழ்க போட்டவர் யார், தளவாய் அவர்களே?"

தளவாய் உட்கார்ந்துவிட்டார்.

ராஜா வாளை விட்டார். சிரிக்க ஆரம்பித்தார். கழுத்து முத்துமாலையைக் கழற்றி மருதாசலத்துக்குப் போட்டுவிட்டு, காதோரம் குனிந்தார்.

"அதிருக்கட்டும். பாகற்காய் விஷயம் உமக்கு யார் சொன்னது?"

"மகாராணியார்தான் பிரபு. பாகற்காய் சாப்பிடுங்கள் என்று பத்து வருஷம் தங்களிடம் சொல்லிப் பார்த்தாராம். கடைசியில் என்னிடம் வந்து சொன்னார்."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது.