நிலைக்காலில் எண்ணெய்க் கறை

ஏரிகளில் தண்ணீரும் ராஜாக்களிடம் பொறுமையும் இருந்த காலம் அது. கேளுங்கள். மருதந்துறை என்ற ஊரில் நெடுங்கோ என்றொரு புலவன் இருந்தான். அவன் மனைவி பெயர் குவளை.

பாட்டெழுத அவன் மலையைப் பார்க்கப் போனான். ஓராண்டு கழித்து வந்தான். கடலைப் பார்க்கப் போனான். ஈராண்டு கழித்து வந்தான். தலைநகரைப் பார்க்கப் போனான். மூன்றாண்டு கழித்து வந்தான். ஒவ்வொரு முறையும் கட்டுச்சோறு கட்டிக் கொடுக்கும்போது குவளை கேட்பாள்: “நம்ம வீட்டைப் பத்தி ஒரு பாட்டுக் கட்டக்கூடாதா?”

“வீட்டில் பாட என்ன இருக்கு?” என்று சிரிப்பான் புலவன். பெரிய மேதை அல்லவா, அப்படித்தான் சிரிப்பான்!

மூன்றாம் முறை அவன் திரும்பிய மறுவாரமே காய்ச்சல் கண்டு குவளை போய்ச் சேர்ந்தாள்.

அந்த ஊரில் ஒரு வழக்கம் உண்டு. பதினாறாம் நாள், வீட்டார் ஒருவர் இறந்தவரின் பெயரைச் சொல்லாமல் பாட வேண்டும். கேட்கிறவர்கள் அந்தப் பெயரைத் தாமாகச் சொல்ல வேண்டும். மூன்று பாட்டுப் பாடியும் அவர்கள் வாயில் பெயர் வராவிட்டால், இறந்தவர் போக வழியில்லாமல் வாசலிலேயே காத்துக் கிடப்பார் என்பது நம்பிக்கை.

ஊர் கூடியது. நெடுங்கோ முதல் பாட்டைப் பாடினான். நிலா முகம், மீன் விழி, முத்துப் பல். ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இரண்டாம் பாட்டில் பொற்கொடி இடையும் அன்ன நடையும் வந்தன. “எந்த நாட்டு ராணிய்யா இது?” என்று ஒரு கிழவர் கேட்டார்.

இன்னும் ஒரே பாட்டு. அவள் எப்படிச் சிரிப்பாள்? எந்தக் கையால் கோலம் போடுவாள்? யோசித்தான், யோசித்தான், ஒன்றும் தெரியவில்லை. வெட்கம் தாளாமல் தன் வீட்டுப் பக்கம் திரும்பினான். வாசல் நிலைக்காலில் கறுப்பாக ஒரு கறை. பதினாறு நாளும் அதைக் கடந்து போனவன், அன்றுதான் அதைப் பார்த்தான். பார்த்ததும் புரிந்துவிட்டது. பாடினான்:

“வாசல் நிலைக்காலில் எண்ணெய்க் கறை, நெற்றி உயரத்தில்;
வந்து சேர்ந்துவிட்டேன் நான், நெற்றியைக் காணவில்லை.”

“குவளை!” என்றது ஊர் முழுதும் ஒரே குரலில்.

செக்காட்டும் கொற்றி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தினம் சாயங்காலம் அதுல தலையைச் சாய்ச்சு பாதையப் பார்த்துக்கிட்டு நிப்பா புலவரே. ஆறு வருசமா. எங்க எல்லாருக்கும் தெரியும், உங்களுக்குத்தான் தெரியாது.”

அவன் பாடிய முதல் நல்ல பாட்டு அதுதான். அதைக் கேட்க வேண்டியவள் கேட்கவில்லை. அதன்பின் நெடுங்கோ எந்த ஊருக்கும் போகவில்லை. வீட்டுக்குச் சுண்ணாம்படிக்க வந்தவர்களிடம் அந்த நிலைக்காலை மட்டும் தொடாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான்.

பக்கத்தில் இருப்பதைப் பார்க்கத் தெரிந்தவனுக்கே எழுத வரும், அதையும் அது இருக்கும்போதே பார்த்துவிட வேண்டும்.