மூன்றாம் வகுப்பு யாருக்கு?

தீர்ப்புச் சொல்லப் போவது நீங்கள். அதனால் கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள்.

திருச்செந்தூர் சாலையில் ஓர் உதவிபெறும் தொடக்கப் பள்ளி. அங்கே மூன்றாம் வகுப்புக்கு இரண்டு பிரிவுகள். 'அ' பிரிவுக்குச் சகாயமேரி டீச்சர். வாய்ப்பாடு, கரும்பலகை, சொல்வதெழுதுதல் என்று பத்தொன்பது வருடமாகப் புத்தக வரிசை பிசகாமல் நடத்துகிறவள். 'ஆ' பிரிவுக்கு நாகஜோதி. வந்து இரண்டே வருடம். அவளுடைய பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எண்ணுவார்கள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலை அளப்பார்கள்.

நடுவே ஒரு மரத்தட்டிதான். அந்தப் பக்கம் சிரிப்பு எழும்போதெல்லாம் இந்தப் பக்கத்துத் தலைகள் திரும்பும். சகாயமேரிக்கு அது தாங்காது. ஜூன் மாதம் மூன்று பெற்றோர் தங்கள் பிள்ளைகளை 'ஆ' பிரிவுக்கு மாற்றித் தரக் கேட்டார்கள். மூன்றாவதாக வந்தது அவளுடைய சொந்தத் தங்கை. அன்று சகாயமேரி சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்கவே இல்லை.

பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்துவிட்டது, அடுத்த ஆண்டு ஒரே பிரிவுதான் என்றார் தாளாளர் சிதம்பரநாதன். பொங்கலுக்கு முன் இரு பிரிவுக்கும் ஒரே கணக்குத் தேர்வு. எந்தப் பிரிவு நன்றாகச் செய்கிறதோ, அதன் ஆசிரியைக்கு வகுப்பு. நடத்தும் முறையும் அவள் முறையே. மற்றவள் இரண்டு பேருந்து மாறிப் போகவேண்டிய கிளைப் பள்ளிக்குப் போக வேண்டும்.

தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கையில் நாகஜோதிக்கு அம்மை கண்டது. தேர்வு முடியும்வரை பள்ளிக்கு வரக்கூடாது. காலையில் தன் பிரிவுக்கும் மதியம் 'ஆ' பிரிவுக்கும் சகாயமேரியே கணக்கு எடுக்கட்டும் என்றார் தாளாளர். நாகஜோதி கைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, அலமாரியில என் பாடக் குறிப்பு நோட்டு இருக்கு. அந்த வரிசையிலேயே நடத்துங்க. மாத்திராதீங்க, பிள்ளைங்க குழம்பிருவாங்க."

"ஒரு வரி மாத்த மாட்டேன் ஜோதி. என் வாக்கு."

நோட்டைப் புரட்டியபோது சகாயமேரி ஒன்றைக் கண்டாள். கடன் வாங்கிக் கழித்தலைத் தாளில் எழுதிச் செய்யும் பாடத்தை நாகஜோதி பொங்கலுக்குப் பிறகு வைத்திருந்தாள். முதலில் குச்சிக் கட்டுகளில் கை பழகட்டும், அப்புறம் எழுதலாம் என்பது அவள் எண்ணம். ஆனால் அவள் படுத்த பிறகு வந்த தேர்வுப் பாடப் பட்டியலில் பாதி அந்தக் கணக்குத்தான்.

சகாயமேரிக்கு உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. பொய் சொல்ல வேண்டாம், சூது செய்ய வேண்டாம். கொடுத்த வாக்கைக் காத்தாலே போதும்.

இரண்டு வாரம் எழுத்துக்கு எழுத்து காத்தாள். தினமும் மாலை நாகஜோதி அழைப்பாள். "பிள்ளைங்க எப்படிக்கா இருக்காங்க?"

"எல்லாம் உன் நோட்டுப்படிதான் போகுது."

மூன்றாம் வாரம், திங்கள்கிழமை. 'ஆ' பிரிவுச் சிறுமி கனிஷ்கா ஒரு கணக்கோடு வந்து நின்றாள். நானூற்று மூன்றில் நூற்று இருபத்தெட்டைக் கழிக்க வேண்டும்.

"டீச்சர், குச்சியில வருது, எழுதினா வரல. நடுவுல சைபர் இருக்கே, அதுகிட்ட என்ன இருக்குன்னு கடன் வாங்க?"

"அது உங்களுக்கு இன்னும் எடுக்கல. பொறவு பாக்கலாம்."

"சரி டீச்சர். எங்க மிஸ் வந்ததும் கேட்டுக்கிடுதோம்."

சிறுமி வருத்தமே இல்லாமல் போய் உட்கார்ந்தாள். சகாயமேரிக்குத்தான் சுருக்கென்று தைத்தது. எங்க மிஸ்! அவள் வந்து சொன்னால்தான் வருமா? எனக்குச் சொல்லித் தரத் தெரியாதா? அவள் திரும்பி வரும்போது இந்தக் கணக்கு என் கையால் வந்ததாக இருக்க வேண்டும். அந்த ஆத்திரத்தில் சாக்கட்டியை எடுத்தாள். நூறு குச்சிக் கட்டு ஒன்றைப் பத்துப் பத்தாகப் பிரிக்கச் சொன்னாள். அவர்கள் பிரிக்கப் பிரிக்க, அதையே எண்ணாகக் கரும்பலகையில் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய சொந்தப் பிரிவு ஒரு மாதம் தடுமாறிய கணக்கு, இவர்களுக்கு நாலே நாளில் வந்துவிட்டது. அதையும் அவளால் பொறுக்க முடியவில்லை.

தேர்வில் 'ஆ' பிரிவு வென்றது. உடம்பு தேறி வந்த நாகஜோதியைத் தாளாளர் எல்லோர் முன்னும் பாராட்டினார். அவளோ விடைத்தாள்களைப் பார்த்துத் திகைத்தாள், பிள்ளைகளிடம் விசாரித்தாள். பிறகு சகாயமேரியையும் அழைத்துக்கொண்டு தாளாளர் அறைக்குப் போனாள்.

"சார், இந்தக் கணக்கு நான் எடுக்காதது. அக்காதான் சொல்லிக் கொடுத்திருக்காங்க. இது என் வெற்றி இல்ல, வகுப்ப அவங்களுக்கே கொடுங்க." பிறகு சகாயமேரியின் பக்கம் திரும்பினாள். "ஆனா வாக்குக் கொடுத்துட்டு ஏன்க்கா மீறுனீங்க?"

சகாயமேரி தலை நிமிரவில்லை. "உம்மேல இருந்த வயித்தெரிச்சல்லதான் ஜோதி. ரெண்டு வாரம் சொல்லிக் கொடுக்காம இருந்ததும் அதே வயித்தெரிச்சல்லதான்."

தாளாளர் பேனாவை மூடிவிட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

இப்போது நீங்கள் சொல்லுங்கள். சகாயமேரியின் தவறு வாக்கைக் காத்ததா, மீறியதா? அந்த வகுப்பு யாருக்குச் சேர வேண்டும்?

விடை: காத்ததுதான் தவறு. தினமும் அழைத்தவளிடம் தேர்வில் என்ன வருகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நாகஜோதியே வரிசையை மாற்றச் சொல்லியிருப்பாள். வாக்கும் நின்றிருக்கும், பிள்ளைகளும் தவித்திருக்க மாட்டார்கள். மீறியபோது சகாயமேரி எந்த எண்ணத்தில் சாக்கட்டியை எடுத்திருந்தாலும், பிள்ளைகள் கற்றது கற்றதுதான். ஆனாலும் வகுப்பு நாகஜோதிக்கே. வாயை மூடிக்கொண்டிருந்தால் லாபம் என்ற இடத்தில் இருவரும் நின்றார்கள். ஒருத்தி பேசாமல் இருந்தாள், ஒருத்தி பேசினாள். தாளாளர் தீர்ப்பும் அதுவே. குச்சியையும் கரும்பலகையையும் சேர்த்து நடத்திய அந்த நாலு நாள் பாடத்தை எழுதித் தரும்படி நாகஜோதி கேட்டாள். கேட்ட அன்று சகாயமேரிக்கு மனம் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. கிளைப் பள்ளிக்குக் கிளம்பும் நாளன்று எழுதிக் கொடுத்தாள்.