கவட்டுப் பாதையில் பச்சைத்தழை

அந்தக் காலத்தில் பேச்சு மனிதருக்கு மட்டும் சொந்தமாக இருக்கவில்லை. காக்கை கூரையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசும். மாடு தண்ணீர் கேட்டு வாங்கிக் குடிக்கும். புலியும் பேசும். ஆனால் அதோடு பேசிவிட்டுத் திரும்பி வந்தவர் யாருமில்லை. அதனால் புலியின் குரல் எப்படி இருக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது.

கூனிமலையின் அடிவாரத்தில் நாவலடி என்றொரு ஊர். அங்கே வெள்ளைத்தாய் என்பவள் இருந்தாள். பேறு பார்ப்பதில் கைராசிக்காரி. வயிற்றில் குறுக்கே கிடக்கும் பிள்ளையைத் தடவியே திருப்பிவிடுவாள். தன் ஒரே மகள் பூங்காவனத்தை மலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தாள்.

ஒருநாள் விடிந்ததும் இருவாச்சிப் பறவை ஒன்று அவள் வாசல் வேம்பில் வந்து இறங்கியது. இறங்கியதும் இறங்காததுமாகச் சொன்னது: "உன் மகளுக்கு வலி எடுத்துட்டுது. பிள்ளை குறுக்கே கிடக்குதாம். அம்மாவைக் கூப்பிடுங்க, அம்மாவைக் கூப்பிடுங்கன்னு கதறுறா."

மலையைச் சுற்றிப் போனால் நாளைக்கும் போய்ச் சேர முடியாது. மலைமேல் ஏறிப் போனால் பொழுது சாய்வதற்குள் போய்விடலாம். ஆனால் அந்த வழியை ஊரார் விட்டு வெகுகாலம் ஆகிவிட்டது. முன்பு மலையுச்சியில் ஒரு குடி இருந்தது. அவர்கள்தான் அந்த வழியில் நடந்தவர்கள். ஒவ்வொருவராகக் காணாமல் போய், கடைசியில் குடிசைகள் மட்டும் நின்றன. ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை.

வெள்ளைத்தாயின் புருஷன் மாசானம் மாடு பத்திக்கொண்டு போயிருந்தான். அவள் பக்கத்து வீட்டுக்காரியிடம், "நான் மலை வழியா போறேன். அவர் வந்ததும் பின்னாலேயே வரச் சொல்லிடு" என்று சொல்லிவிட்டு, அண்ணன் சடையாண்டியைத் துணைக்கு அழைத்துக்கொண்டு கிளம்பினாள்.

ஏற ஏறப் பாதை புதருக்குள் மறைந்தது. முதல் கவட்டில், அதாவது பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில், முழங்கால் உயரத்துக்கு ஒரு பலகைக்கல் நட்டிருந்தது. அதன் முகத்தில் நீளமாக ஒரு கீறல். அந்தக் கீறலின் ஒரு முனை கொக்கிபோல வளைந்திருந்தது. யார் கீறியது, எப்போது கீறியது என்று தெரியாதபடி பாசி ஏறிக் கிடந்தது.

"இது என்னண்ணே? சமாதிக்கல்லா?"

சடையாண்டி குனிந்து விரலால் பாசியைச் சுரண்டினான். "சமாதின்னா பாதை பிரியிற இடத்துல எதுக்கு நடணும்? இந்தக் கொக்கி வலப்பக்கம் காட்டுது பாரு தாயி. மலையுச்சியில குடியிருந்தவங்க வழிக்கு வச்ச அடையாளமாத்தான் இருக்கும்."

வலப்பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு சுனை வந்தது. அடுத்த கவட்டில் கொக்கி இடப்பக்கம் காட்டியது. அதன்படி போனதும் பாறையில் படி வெட்டியிருந்தது. சடையாண்டிக்குத் தைரியம் வந்துவிட்டது. பூங்காவனம் சின்ன வயதில் நுங்கு வண்டி உருட்டிக் கிணற்றில் விழப் போனது, அவளுக்குப் பிடித்த கருப்பட்டி என்று வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தான். மகளை நினைத்துக் கலங்கிய வெள்ளைத்தாய்க்கும் அந்தப் பேச்சு ஆறுதலாக இருந்தது.

பாதி மலை ஏறியபோது மூடுபனியாய் மஞ்சு இறங்கியது. பகல் பொழுதிலேயே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. அப்போதுதான் அவள் கவனித்தாள். கீழே இருக்கும்போது வழிநெடுகப் பேசிக்கொண்டிருந்த குருவிகளும் அணில்களும் இப்போது வாயைத் திறக்கவில்லை. ஒரு மரத்தின் உச்சியில் கருமந்தி ஒன்று குட்டியை மாரோடு அணைத்து ஒடுங்கியிருந்தது.

"ஏ மந்தி, அந்தப் பக்கத்து ஊருக்கு வழி இதுதானே?"

மந்தி உதட்டை மட்டும் அசைத்தது. "சத்தம் போடாதே. நீங்க பேசினதையெல்லாம் கேட்டுக்கிட்டே வருது."

"எது?"

மந்தி குட்டியின் முகத்தை மறைத்துக்கொண்டு கிளைக்குள் நகர்ந்துவிட்டது.

வெள்ளைத்தாய் அண்ணனை நெருங்கினாள். அண்ணனின் துண்டைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். அடுத்த கவடு வந்தது. அங்கேயும் கல் நின்றது. கொக்கி இடப்பக்கம் காட்டியது.

அவள் கல்லைத் தொட்டுப் பார்த்தாள். மற்றக் கற்களில் மேல்முனையில் இருந்த கொக்கி இதில் கீழ்முனையில் தலைகீழாக இருந்தது. அடியில் மண் ஈரமாகப் புரண்டு, ஒரு மண்புழு நெளிந்துகொண்டிருந்தது.

"அண்ணே, இந்தக் கல்லை யாரோ இப்பத்தான் திருப்பியிருக்காங்க."

"இந்தக் காட்டுல யாரு வந்து திருப்புவா? பன்னி உழுதிருக்கும். நீ இங்கேயே நில்லு, நான் கொஞ்ச தூரம் போய்ப் பாத்துட்டுக் குரல் கொடுக்கிறேன்."

அவள் வேண்டாம் என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் முதுகு மஞ்சில் கரைந்துவிட்டது.

நின்றாள். இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. நெடுநேரம் கழித்து இடப்பக்கமிருந்து குரல் வந்தது.

"தாயி! வழி சரியாத்தான் இருக்கு. வந்துடு."

மூச்சு திரும்பி வந்ததுபோல அவள் ஓரடி எடுத்து வைத்தாள். அப்போது வலப்பக்கமிருந்து அதே குரல் கத்தியது.

"தாயி, போகாதே! அது நானில்லை! அந்தப் பாதை பூராவும் எலும்பா கிடக்குது. நான் பாறையில தொத்தி ஏறி இந்தப் பக்கம் வந்துட்டேன்!"

"அது பேச்சைக் கேக்காதே தாயி," என்றது இடப்பக்கத்துக் குரல் பதறியபடி. "அதுதான் உன்னை ஏமாத்துது. சீக்கிரம் வா."

இரண்டும் சடையாண்டியின் குரல்தான். அதே கரகரப்பு, பதறும்போது வரும் அதே திக்கல். ஒன்றை நம்பினால் மகளிடம் போகலாம். மற்றொன்றை நம்பினால் தன் உயிரும் போய், அங்கே மகள் உயிரும் பேரப்பிள்ளை உயிரும் போகும்.

"என் மகள் பேரு என்ன?" என்று கத்தினாள்.

"பூங்காவனம்," என்றன இரண்டு குரல்களும் ஒரே நேரத்தில்.

"அவளுக்கு என்ன பிடிக்கும்?"

"கருப்பட்டி," என்றன இரண்டும்.

வழியெல்லாம் பேசியதை நினைத்து அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். எதைக் கேட்டாலும் அது சொல்லும். இனிக் கேள்வியால் பயனில்லை. கையை உதறியபோது பக்கத்துச் செடியின் கொப்பு முகத்தில் உரசியது. குரலைத் திருடலாம், கொப்பை ஒடிக்கக் கை வேண்டுமே! சட்டென்று சொன்னாள்.

"அண்ணே, பேசாதே. ஒரு பச்சைக் கொப்பை ஒடிச்சு என் காலடியில எறி."

வலப்பக்கம் சடக்கென்று ஒரு சத்தம் கேட்டது. மஞ்சைக் கிழித்துக்கொண்டு இலையோடு ஒரு கொப்பு வந்து விழுந்தது. ஒடிந்த இடத்தில் பால் வடிந்தது.

இடப்பக்கம் ஒரு மரப்பட்டை கரகரவென்று கிழிபடும் ஓசை. பிறகு அமைதி. பிறகு அண்ணன் குரலிலேயே, கொஞ்சமும் அவசரமில்லாமல், அது கேட்டது:

"தழை எதுக்கு தாயி? கல் தரட்டுமா?"

ஒரு கல் உருண்டு வந்து அவள் பாதத்தைத் தொட்டு நின்றது.

வெள்ளைத்தாய் வலப்பக்கம் ஓடினாள். நாலெட்டு ஓடியவள் நின்றுவிட்டாள். பின்னால் மாசானம் வருவானே! அவனும் இந்தக் கல்லைத்தானே பார்ப்பான்? கல்லைத் திருத்திவைத்தால் அது மறுபடி திருப்பிவிடும். அவளால் நிற்கவும் முடியவில்லை, போகவும் மனம் வரவில்லை.

திரும்பி வந்தாள். விழுந்து கிடந்த கொப்பை எடுத்து, வலப்பக்கப் பாதை தொடங்கும் இடத்தில் வைத்தாள். காற்று கொண்டுபோகாதபடி மேலே ஒரு சிறு கல்லைப் பாரம் வைத்தாள். அவள் குனிந்திருந்தபோது மறுபக்கப் புதர் மெல்ல அசைந்தது. சூடான மூச்சின் வாடை முகத்தில் அடித்தது. மஞ்சில் இரண்டு மஞ்சள் கண்கள் தெரிந்தன. அவள் அலறவில்லை. அலறினால் அந்தக் குரலையும் அது எடுத்துக்கொள்ளும் என்று தோன்றியது.

அண்ணன் பாய்ந்து வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தான். உச்சிவரை இருவரும் ஓடினார்கள். பின்னால் குரல் வந்துகொண்டே இருந்தது. முதலில் சடையாண்டியாக, பிறகு வெள்ளைத்தாயாகவே அது கூப்பிட்டது. தன் குரலே தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டும் அவள் திரும்பவில்லை. உச்சியில் வெயில் பட்டதும் குரல் நின்றது.

பொழுது சாயுமுன் மகள் வீட்டை அடைந்தார்கள். பூங்காவனத்துக்குக் கத்தவும் தெம்பில்லை. வெள்ளைத்தாய் கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்தாள். தடவித் தடவிப் பிள்ளையைத் திருப்பினாள். விளக்கு வைக்கும் நேரத்தில் பெண்பிள்ளை அழுதது. ஆனால் அவள் சிரிக்கவில்லை. பிள்ளையை மகள் பக்கத்தில் கிடத்திவிட்டு வாசலுக்கு வந்து மலையைப் பார்த்தபடி நின்றாள்.

கடைசி வெளிச்சத்தில் மாசானம் வந்து சேர்ந்தான். முகம் வெளிறியிருந்தது. வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"மேல ஒரு கவட்டுல கல்லு இடப்பக்கம் காட்டுச்சு," என்றான். "அந்தப் பக்கத்துலேருந்து நீயே என்னைக் கூப்பிட்டே. ரெண்டு அடி போயிட்டேன். அப்பத்தான் வலப்பக்கம் தழையைப் பாத்தேன். கல்லு எத்தனையோ வருசத்துக் கல்லு. தழை இன்னும் வாடலை. கையால ஒடிச்சிருந்துச்சு. உசிரோட இருக்கிற மனுசன் இன்னைக்கு இந்தப் பக்கம் போயிருக்கான்னு தெரிஞ்சுது. அதை நம்பி வந்துட்டேன்."

புலி இப்போது பேசுவதில்லை என்கிறார்கள். அவர்கள் மூவருக்குப் பிறகு அதன் பேச்சைக் கேட்டவர் யாரும் திரும்பி வரவில்லை என்றும் சொல்கிறார்கள். எப்படியிருந்தாலும், அன்று முதல்தான் மலை ஏறுகிறவர்கள் பழைய அடையாளக் கல்லை மட்டும் நம்பாமல், பாதை பிரியும் இடந்தோறும் பச்சைத்தழை ஒடித்து, அதன்மேல் கல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.