இரண்டாயிரத்தில் ஒரு நொடி

ஆனைமலை அடிவாரத்தில், தென்னந்தோப்புகள் முடிந்து புல்வெளி தொடங்குகிற இடத்தில், குதிரைகளைப் படம் எடுப்பதையே தொழிலாகக் கொண்ட பெண்மணி ஒருவர் இருந்தார். பெயர் நப்பின்னை. வயது நாற்பதை எட்டியிருக்கவில்லை. ஆயினும் அவர் எடுத்த படத்தை மட்டும் பார்த்துவிட்டு, குதிரையை நேரில் பாராமலே வாங்கிக்கொள்கிறவர்கள் ஓசூரிலும் அதற்கு அப்பாலும் இருந்தார்கள். நப்பின்னையின் படத்தில் கால் நேராக இருந்தால் குதிரையின் காலும் நேராகத்தான் இருக்கும் என்று அந்த வட்டாரம் நம்பியது.

அவரிடம் மாணவராக வந்து சேர்ந்தவர் தெய்வசிகாமணி. குருவைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். தாராபுரத்தில் ஸ்டூடியோ வைத்துக் கால் நூற்றாண்டாகக் கல்யாணப் படம் எடுத்துவந்தவர். கடையை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, குதிரைப் படம் கற்காமல் ஊர் திரும்புவதில்லை என்று சொல்லிக்கொண்டு கிளம்பியிருந்தார்.

ஏன் குதிரை என்று நப்பின்னை கேட்டார்.

கல்யாண மேடையில் எல்லோரும் அசையாமல் நிற்கிறார்கள், அசைகிற ஒன்றைச் சரியாக எடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடவேண்டும் என்றார் சிகாமணி.

"மூடறது அப்புறம் இருக்கட்டுங்கண்ணா. முதல்ல திறங்க" என்றார் நப்பின்னை.

முதல் நாள், தோளில் தொங்கிய பையில் தம்மிடமிருந்த லென்ஸ் அத்தனையையும் சிகாமணி கொண்டுவந்திருந்தார். மேடையில் குடும்பம் முழுவதையும் அடக்கும் அகன்ற லென்ஸை மாட்டிக்கொண்டு, ஒரு குதிரையின் முகத்தருகே போய் நின்றார். பழக்கதோஷத்தில், "இங்க பாருங்க, லேசாச் சிரிங்க" என்றும் சொல்லிவிட்டார். படத்தில் தலை முரசு போல விழுந்திருந்தது. அதன் பின்னால் எங்கோ, ஆட்டுக்குட்டியின் கால்களைப் போல நான்கு கால்கள்.

குதிரைகளைப் பராமரிக்கும் சிக்கந்தர் எட்டிப் பார்த்தார்.

"இந்தப் போட்டோவைப் பொண்ணு வீட்டுக்கு அனுப்பாதீங்கண்ணா. கல்யாணம் நின்னு போயிரும்."

சிகாமணி சிரிக்கவில்லை. "அப்ப எந்த லென்ஸ் போடறதுங்க அம்மணி?" என்று நப்பின்னையிடம் கேட்டார்.

நப்பின்னை கேமராவை வாங்கி வைத்துக்கொண்டு, வெறுங்கையோடு, குதிரையைப் பார்த்தபடியே பின்னால் நடக்கச் சொன்னார். சிகாமணி நடந்தார். குதிரை காதுகளை விறைத்து அவரையே பார்த்தது. மேலும் நடந்தார். காதுகள் தளர்ந்து பக்கவாட்டில் சாய்ந்தன. இன்னும் நடந்தார். குதிரை தலையைத் தாழ்த்திப் புல்லில் வாயை வைத்தது.

"நில்லுங்க. அங்கிருந்து பார்த்தா குதிரை முழுசா எந்த லென்ஸ்ல அடங்குதோ, அதைப் போடுங்க."

அது பையின் அடியில் கிடந்த நீண்ட லென்ஸ். மாட்டினார். தலை தலையின் அளவிலும், கால் காலின் அளவிலும் வந்தன. லென்ஸ் குதிரையின் வயிற்று உயரத்துக்கு இறங்க வேண்டும் என்று நப்பின்னை அவரை மண்டியிடவும் வைத்தார். கல்யாண விருந்துகளில் வளர்ந்த உடம்பு. எழுந்திருக்கச் சிக்கந்தர் கை கொடுக்க வேண்டியிருந்தது. மறுநாள் கை கொடுக்க வந்தவரைச் சிகாமணி தள்ளிப் போகச் சொன்னார்.

மழைக்காலம் இவ்வாறே கழிந்தது. குதிரையை நிற்கவைத்து எடுக்கக் கற்றுக்கொண்டார். முன்கால்களும் பின்கால்களும் ஒன்றையொன்று மறைக்காமல் நிற்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொண்டார். எவரும் சொல்லாமலே, அம்மணி என்று அழைப்பதை விட்டு டீச்சர் என்று அழைக்கத் தொடங்கியிருந்தார்.

ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. ஓடுகிற குதிரைக்கு ஷட்டரை எந்த வேகத்தில் வைப்பது? வேகத்தைக் குறைத்தால் குதிரை புகையாகக் கலைகிறது. கூட்டினால் கொலுப் பொம்மையாக உறைகிறது. அவர் கேட்கும்போதெல்லாம், எடுத்து வாருங்கள் பார்க்கலாம் என்பதற்கு மேல் நப்பின்னை ஒன்றும் சொன்னதில்லை.

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து ஊர்ப் பண்ணைக்காரர் சென்னியப்பன் ஆள் அனுப்பினார். தம்முடைய பவளம் என்ற பெண்குதிரையை ஓசூரில் உள்ள குதிரையேற்றப் பள்ளி ஒன்று கேட்டிருக்கிறது. பிள்ளைகள் ஏறித் தடை தாண்டிப் பழகுவதற்கு. ஓடும் நிலையில் ஒரு படம் வேண்டும், அதுவும் நப்பின்னை எடுத்ததாக இருக்க வேண்டும், பார்த்தவுடன் முடிவு சொல்லிவிடுவோம் என்கிறார்களாம்.

நப்பின்னை சிகாமணியைப் போகச் சொன்னார்.

"இந்தப் படம் என் பேர்ல போகும். சரியா வந்தா, அடுத்ததெல்லாம் உங்க பேர்லயே போகட்டும்."

அன்றிரவு சிகாமணி லென்ஸ் கண்ணாடிகளைத் துடைத்த துடைப்பில் அவை தேய்ந்துபோகாதது வியப்பு.

விடிந்ததும் பண்ணையில் இருந்தார். சென்னியப்பன் பவளத்தை நீண்ட கயிற்றில் பிடித்து, தம்மைச் சுற்றி வட்டமாக ஓடவிட்டார். செம்பழுப்பு உடல், பிடரி இளவெயிலில் மின்னியது. சிகாமணி எங்கே நிற்பது என்று குதிரையைப் பார்த்தே தேர்ந்துகொண்டார். நீண்ட லென்ஸ். மண்டியிட்ட கால். ஷட்டர் இருநூற்றைம்பதில். ஓடும் குதிரையோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுத்தார்.

உடல் துல்லியமாக வந்தது. தலை மட்டும் மங்கியது. ஐந்நூறுக்கு ஏற்றினார். அப்போதும் தலை மங்கியது. ஆயிரம். மங்கல் குறைந்தது, போகவில்லை. முகூர்த்த நேரம் தவறினாலும் தாலி கட்டும் படத்தைத் தவறவிடாத மனிதர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளையை முழுதாகத் திறந்தார். ஷட்டரை இரண்டாயிரத்துக்கு ஏற்றினார். ஒரு நொடியை இரண்டாயிரமாக வகுத்தால் வரும் அந்த ஒரு பங்கில், தலை நின்றது.

நான்கு குளம்பும் மண்ணை விட்டு எழும்பியிருந்தன. பிடரி தீயாக நிமிர்ந்திருந்தது. கண்ணில் சூரியன் ஒரு புள்ளியாக விழுந்திருந்தது. கேமராவின் திரையில் பார்ப்பதற்கு முன்பே, கிடைத்துவிட்டது என்று சிகாமணிக்குத் தெரிந்திருந்தது.

சென்னியப்பன் குனிந்து பார்த்தார். "இது நம்ம பவளந்தானுங்களா? இதையே அனுப்பிருங்க" என்றார். டீச்சரிடம் காட்டிவிட்டு அனுப்புவதாகச் சொல்லிச் சிகாமணி புறப்பட்டார்.

நப்பின்னை படத்தை நெடுநேரம் பார்த்தார். என்ன லென்ஸ், என்ன துளை, என்ன வேகம் என்று கேட்டார். சிகாமணி ஒவ்வொன்றாகச் சொன்னார். வேகத்தை ஏன் அவ்வளவு கூட்ட நேர்ந்தது என்று கேட்டார்.

"தலை மங்குச்சுங்க டீச்சர். பவளம் ஓடறப்ப ஒரு எட்டு விட்டு ஒரு எட்டு தலையைத் தூக்குது. கூட்டிக்கிட்டே போனேன், நின்னு போச்சு."

சிக்கலைத் தீர்த்த தொழிலாளியின் நிறைவோடு சொன்னார்.

நப்பின்னை வாசலில் இறங்கி, ஒரு கூழாங்கல்லைப் பொறுக்கி எடுத்து நீட்டினார்.

"இதை வலது ஷூவுக்குள்ள போட்டுக்கிட்டு, அந்த வேலி வரைக்கும் வேகமா நடந்துட்டு வாங்க."

சிகாமணி ஏன் என்று கேட்கவில்லை. கல்லைப் போட்டுக்கொண்டு நடந்தார். வலது கால் மண்ணில் படும்போதெல்லாம் உடல் ஒரு பக்கம் வெட்டி இழுத்தது.

"மாமியார் வீட்டுல வசமா வாங்கிக் கட்டிக்கிட்டு வர்ற நடைங்கண்ணா" என்றார் சிக்கந்தர், தண்ணீர் வாளியை வைத்துவிட்டு.

சிகாமணியின் கேமராவையே எடுத்து, அதே இரண்டாயிரத்தில், நப்பின்னை ஒரே ஒரு படம் எடுத்தார். திரும்பி வந்தவரிடம் காட்டினார்.

படத்தில் ஒரு கம்பீரமான மனிதர் நடந்துகொண்டிருந்தார். நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு கால் முன்னே வீசப்பட்டிருந்தது. ஊர்வலத்தில் வரும் மாப்பிள்ளையைப் போல இருந்தார்.

"இவருக்குக் கால் வலிக்குதுங்களா அண்ணா?"

சிகாமணி படத்தைப் பார்த்தார். ஷூவுக்குள் கல் இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தார். கேமராவை வாங்கி, காலையில் தோற்றுப்போனவை என்று ஒதுக்கிய படங்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். தலை மேலே மங்கியது. தலை கீழே. மேலே. கீழே. மேலே எழும்பிய ஒவ்வொரு படத்திலும் பவளத்தின் இடது முன்கால் மண்ணில் ஊன்றியிருந்தது.

கைபேசி ஒலித்தது. படம் போய்விட்டதா, ஓசூர்க்காரர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார் சென்னியப்பன். சிகாமணி நப்பின்னையை ஏறிட்டுப் பார்த்தார்.

"எடுத்தது நீங்க" என்று சொல்லிவிட்டு நப்பின்னை உள்ளே போனார்.

சிகாமணி ஷூவைக் கழற்றி உதறினார். கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு மீண்டும் பண்ணைக்குப் புறப்பட்டார்.

இன்னொரு முறை ஓடவிடச் சொன்னதும் சென்னியப்பன் முணுமுணுத்தார். சிகாமணி பிடிவாதமாக நின்றார். இம்முறை ஷட்டர் முப்பதில். குதிரையோடு தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பினால் ஒழிய எதுவும் தேறாத வேகம் அது. பவளத்தை அதிகம் ஓடவைக்கவும் மனம் வரவில்லை. சட்டை முதுகில் ஒட்டியது. முழங்கால் கெஞ்சியது. இறுதியில் ஒரு படம் அமைந்தது. தோள், மார்பு, முதுகு எல்லாம் தெளிவு. தலை மட்டும் மேல்நோக்கி இழுத்த சாம்பல் கோடு.

"இதென்னங்க, பேய் புடிச்ச மாதிரி" என்றார் சென்னியப்பன்.

இடது முன்காலில் வலி இருக்கிறது, அதனால்தான் ஊன்றும்போது தலையைத் தூக்குகிறது என்று சிகாமணி விளக்கினார். லாடம் புதியது, நாலு நாளில் பழகிவிடும் என்று பதில் வந்தது. முதலில் எடுத்த படத்தைக் கொடுங்கள், நானே அனுப்பிக்கொள்கிறேன் என்றார் சென்னியப்பன்.

"அது போகாதுங்க."

"படம் எடுக்கச் சொன்னா வைத்தியம் பார்க்கறீங்க. கல்யாண வீட்டுல இப்படிச் சொல்லியிருந்தீங்கன்னா பந்தியில இருந்து எழுப்பி விட்டிருப்பாங்க."

சென்னியப்பன் பவளத்தை இழுத்துக்கொண்டு லாயத்துக்குள் போய்விட்டார். சிகாமணி போகவில்லை. வேலியோரம் நிழலற்ற இடத்தில் நின்றுகொண்டிருந்தார். லாயத்துக்குள் ஏச்சுக் குரல் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

எட்டிப் பார்த்தபோது, சென்னியப்பன் குந்தி அமர்ந்து பவளத்தின் இடது முன்காலை மடியில் வைத்திருந்தார். லாடத்தில் அறைந்த ஆணிகளின் பக்கமாகக் கட்டைவிரலால் ஒவ்வோரிடமாக அழுத்திவந்தார். ஓர் ஆணியருகே விரல் பட்டதும் பவளம் காலைப் பறித்துக்கொண்டது. அவர் கை அங்கேயே, காற்றில் நின்றது.

"கல்லு மேல நடக்கறப்ப குளம்புச் சத்தம் மாறித்தானுங்க கேட்டுச்சு" என்றார், சிகாமணியைப் பாராமல். "கேட்டும் கேக்காத மாதிரி இருந்துட்டேன்."

ஓசூருக்கு அவரே பேசினார். குதிரை இப்போதைக்கு வராது என்று சொன்னார். ஆணியைப் பிடுங்கிக் கட்டுப்போட மருத்துவரை அழைத்தார். பிறகு சிகாமணியிடம் வந்து, கோபம் இல்லாத குரலில், "படத்துக்கு இனி நான் வேற ஆளைப் பார்த்துக்கறேனுங்க" என்றார்.

சிகாமணி திரும்பியபோது வெயில் தாழ்ந்திருந்தது. நடந்ததையெல்லாம் நப்பின்னையிடம் சொன்னார். படம் எங்கும் போகவில்லை. எவர் பெயரிலும் போகவில்லை. முப்பதில் எடுத்ததைக் காட்டினார். அடிவானம் சாய்ந்திருக்கிறது, இடது தோளைத் தாழ்த்தியிருக்கிறீர்கள், நாளைக்குச் சரிசெய்துகொள்ளுங்கள் என்றார் நப்பின்னை.

சிகாமணி தலையசைத்தார். ஆனால் எழுந்து போகவில்லை. திரையில் மீண்டும் அந்த முதல் படத்தைக் கொண்டுவந்தார். நான்கு குளம்பும் காற்றில். கண்ணில் சூரியன்.

"இதில நான் ஒண்ணையுமே மாத்தலீங்க டீச்சர். அந்த ஒரு நொடி பவளம் இப்படித்தானுங்க இருந்துச்சு. இதில என்னங்க பொய்?"

நப்பின்னை படத்தைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்தார்.

"பொய் ஒண்ணும் இல்லைங்கண்ணா. தலை தூக்கறதைப் பார்க்க ஆளில்லாம, அந்த இடத்துல கேமரா மட்டும் நின்னுருந்தா, நானே அனுப்பி வெச்சிருப்பேன்."