யார் இட்ட உப்பு

கோடை பிறந்தால் தளிர்கூடச் சக்கையாய் ருசிக்கும் ஒரு காட்டில், ஓடைக்கரையை ஒட்டி ஒரு மண்மேடு இருந்தது. பார்க்க வெறும் வெளுத்த மண்தான். நாக்கை வைத்தால் கரிக்கும். அதனால் அதற்கு உப்புமேடு என்று பெயர்.

பிள்ளைகளே, சோற்றில் உப்பு இல்லாவிட்டால் நம் முகம் எப்படிக் கோணிப்போகிறது? இலைதழை தின்கிற விலங்குகளுக்கும் அப்படித்தான். உப்பு கிடைக்காவிட்டால் அவற்றின் உடம்பு சோர்ந்துவிடும். அதிலும் குட்டிக்குப் பால் கொடுக்கிற தாய்க்கு அது இல்லாமல் முடியவே முடியாது.

பொட்டழகி என்ற புள்ளிமானுக்கு அந்தக் கோடையில்தான் முதல் குட்டி பிறந்திருந்தது. விடிந்ததும் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டு உப்புமேட்டுக்கு ஓடுவாள். அங்கே மேட்டடியில் உப்புமண் பொலபொலவென்று உதிர்ந்து குவியலாகக் கிடக்கும். ஆசை தீர நக்குவாள். நக்கி முடித்ததும் மண்ணில் நெற்றியைத் தொட்டு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் திரும்புவாள். பன்றி, முயல், மந்தி எல்லோரும் அப்படித்தான். அது அந்தக் காட்டு வழக்கம். யாருக்கு அந்தக் கும்பிடு என்று கேட்டால் மட்டும் ஒருவருக்கும் சொல்லத் தெரியாது.

அதே காட்டில் சம்பு என்று ஒரு நரி இருந்தது. கறி தின்கிற நரிக்கு உப்புமண் எதற்கு? ஆனாலும் எல்லோரும் அங்கே வந்து சும்மா தின்றுவிட்டுப் போவதைப் பார்க்கப் பார்க்க அதற்கு வயிறு எரிந்தது.

ஒரு நாள் பொட்டழகி போனபோது மேட்டைச் சுற்றி இலந்தைமுள் வேலி. உள்ளே போக ஒரே ஒரு வழி. அந்த வழியில் சம்பு கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தது.

“நேற்றுவரை இது மண். இன்று முதல் சரக்கு” என்றது சம்பு.

பன்றி கிழங்கு தோண்டிக் கொண்டுவர வேண்டும், மந்தி பலாச்சுளை கொண்டுவர வேண்டும், முயல் நரியின் குகை வாசலைப் பெருக்க வேண்டும் என்று சம்பு விலை சொன்னது. எல்லோரும் முணுமுணுத்தார்கள். ஆனாலும் உப்பாயிற்றே, என்ன செய்வது? கொண்டுவந்தார்கள். சம்பு ஒரு தேக்கிலையில் அள்ளி அளந்து கொடுத்தது. பழக்கத்தில் நெற்றியைத் தரையில் வைக்கப் போனவர்களைத் தடுத்து, “மண்ணைக் கும்பிடுவானேன்? உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். இப்படித் திரும்பிக் கும்பிடு” என்று தன் காலைக் காட்டியது.

அந்த நேரம் பார்த்துக் கொம்பன் யானை வந்தது. வழக்கமாக எல்லோருக்கும் முன்னால், இருள் பிரிவதற்குள் வந்துபோய்விடும். அன்று என்னவோ தாமதம். சம்புவோ மற்ற நாளில் வெயில் சுட்டால்தான் கண் விழிக்கிற பிறவி. அதுவரை அது கொம்பனை அங்கே பார்த்ததே இல்லை.

“நீ ஒருவன் தின்றால் பத்துப்பேர் பங்கு போய்விடும். போதாததற்குக் கொம்பால் மேட்டைக் குத்திக் குடைவாய் போலிருக்கிறது. உன்னால் சரக்குக்குச் சேதாரம். உனக்கு இங்கே இடமில்லை” என்றது சம்பு.

கொம்பன் நினைத்திருந்தால் வேலியையும் நரியையும் ஒரே மிதியில் மண்ணோடு மண்ணாக்கியிருக்கலாம். ஆனால் வேண்டாம் என்றவன் வாசலில் நிற்கிற வழக்கம் அதற்கு இல்லை. திரும்பி நடந்தது.

அடுத்தது பொட்டழகியின் முறை. மானிடம் என்ன இருக்கிறது? கொம்புகூடக் கிடையாது. சம்பு அவளை மேலும் கீழும் பார்த்தது.

“தங்கச்சி, சிறுத்தை வந்தால் ஒரு குரல் கொடுக்கிறாயே, அதைக் கொடு. இனிமேல் காட்டுக்கே கேட்கும்படி கத்தாதே. என்னிடம் மட்டும் வந்து சொல். தேவைப்பட்டவர்களுக்கு நான் விற்றுக்கொள்கிறேன்” என்றது.

பொட்டழகிக்கு நெஞ்சு பதறிவிட்டது. அவள் குரலைக் கேட்டு எத்தனை முயல் பிழைத்திருக்கிறது, எத்தனை மந்தி மரமேறியிருக்கிறது. “அது விற்கிற பொருள் இல்லை அண்ணே. பயம் வந்தால் வாய் தானாகத் திறக்கிறது” என்றாள்.

“அப்படியானால் உப்பும் இல்லை.”

நாளாக ஆக அவளுக்குப் பால் வற்றியது. குட்டி முட்டி முட்டிப் பார்க்கும், ஒன்றும் வராமல் முகத்தைப் பார்க்கும். அதன் விலா எலும்பு தெரிய ஆரம்பித்ததும் பொட்டழகியால் தாங்க முடியவில்லை. குரல் போனால் போகட்டும், பிள்ளை பிழைக்கட்டும் என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு உப்புமேட்டுக்கு நடந்தாள்.

அங்கே ஒரே கூச்சல். பன்றி கிழங்கோடு நின்றது, மந்தி பலாச்சுளையோடு நின்றது, கொடுக்கத்தான் உப்பு இல்லை. இருந்த குவியலெல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது. மரத்திலிருந்து பழம் விழுவதுபோல மண் தானாக உதிரும் என்று நினைத்துக்கொண்டிருந்த சம்பு, இப்போது மேட்டைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. முந்தின நாள் பெய்த கோடைமழையிலும் பிறகு அடித்த வெயிலிலும் மேடு பாறையாய் இறுகிப்போயிருந்தது. நரியின் நகம் ஒடிந்ததுதான் மிச்சம். பன்றி முட்டிப் பார்த்தும் ஒரு பொடி உதிரவில்லை.

‘கொம்பால் குத்திக் குடைவாய்’ என்று நரி சொன்னது பொட்டழகிக்கு அப்போதுதான் உறைத்தது. விடிகிறபோது இங்கே கிடந்த குவியலெல்லாம் மேடு உதிர்த்ததல்ல. யாரோ ஒருவர் நமக்கு முன்னால் வந்து, இறுகிய மண்ணை உடைத்துப் போட்டுவிட்டு, சொல்லாமல் கொள்ளாமல் போயிருக்கிறார்.

அவள் ஒரு நொடிகூட நிற்கவில்லை. ஓடையோரமாக யானைத் தடத்தைப் பிடித்துக்கொண்டு போனாள். தடம் போய் முடிந்த இடத்தில் இன்னொரு வெள்ளை மேடு. கொம்பன் கொம்பை ஆழப் பாய்ச்சி நெம்ப, மண் சரிந்து விழுந்தது.

“நக்கிக்கொள் தாயே” என்று நகர்ந்து இடம் விட்டது கொம்பன்.

பொட்டழகி கண்ணில் நீர் வழிய வழிய நக்கினாள். “இத்தனை நாளும் உங்கள் கையால் தின்றிருக்கிறேன் அண்ணா. யார் கொடுத்தது என்று தெரியாமலே தின்றிருக்கிறேன். என் பிள்ளைக்கு உயிர் கொடுத்தது நீங்கள்தான்” என்றாள்.

கொம்பனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. “நான் எங்கே கொடுத்தேன்? எனக்காகத்தான் தோண்டினேன். கொடுத்தது மண்” என்றது. பிறகு அத்தனை பெரிய உடம்பை மடித்து முழங்காலிட்டு, அதுவும் மண்ணில் நெற்றியைத் தொட்டது.

பொட்டழகி திரும்பி ஓடி எல்லோரையும் கூட்டிவந்தாள். அவர்கள் நக்கத் தொடங்கிய சற்று நேரத்தில் சம்புவும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது.

“ஆகா, நன்றாயிருக்கிறது. என் உப்பைத் தின்றுவிட்டு எனக்கே துரோகமா? உப்பிட்டவனை மறக்கலாமா? எல்லோரும் சேர்ந்து இந்த யானையை என் மேட்டுக்கு ஓட்டிக்கொண்டு வாருங்கள்” என்றது.

பன்றி வெகுளி. தின்றது உண்மைதானே என்று அதற்கு மனது உறுத்தியது. நக்குவதை நிறுத்திவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. மற்றவர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். உப்பு என்று சொல்லிவிட்டால் நம்மில் யாருக்குத்தான் வாய் எழும்பும்?

பொட்டழகிக்குத்தான் எழும்பியது. “அண்ணே, உப்பு இட்டவரை நினைக்கத்தான் சொன்னார்கள். உப்பு விற்றவரை நினைக்கச் சொல்லவில்லை. விற்றவனுக்கு அன்றே விலை கொடுத்தாயிற்று. இட்டவருக்கு இன்னும் ஒன்றும் கொடுக்கவில்லை. அவரைத்தான் நினைக்கிறோம்” என்றாள்.

பன்றி ‘அதானே’ என்று மறுபடி மண்ணில் வாயை வைத்தது.

சம்பு கடைசி முயற்சியாகக் கொம்பனின் காதருகே போய்க் கிசுகிசுத்தது. “இவ்வளவு பேருக்குத் தோண்டிப் போடுகிறாயே, தலைக்கு என்ன வாங்குகிறாய்?”

“எதற்கு?” என்று கேட்டது கொம்பன்.

அதற்கு உண்மையிலேயே விளங்கவில்லை. நரி எப்படி எப்படியோ விளக்கிப் பார்த்தது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீ நிற்கிற இடத்தில் நல்ல மண் இருக்கிறது, கொஞ்சம் தள்ளிக்கொள்” என்றது கொம்பன்.

சம்பு தள்ளிக்கொண்டது. தள்ளித் தள்ளித் தன் வேலிக்கே போய்ச் சேர்ந்து, வாங்க ஆளில்லாத மேட்டுக்குக் காவலிருந்தது.

பொட்டழகிக்குச் சில நாளில் பால் ஊறிவிட்டது. குட்டி வயிறு முட்டக் குடித்து, கடைவாயில் நுரை வழிய, அவள் மேலேயே சாய்ந்து தூங்கிப்போனது.

நீதி: கொடுத்தவரை மறந்துவிட்டுக் கொடுத்ததற்கு விலை வைத்தால், கொடுப்பதே நின்றுபோகும்.