கை நனைக்காத கிருமிகள்

அரைக்காணிப்பட்டி ஆஸ்பத்திரியில் கொண்டல்சாமி, சிங்காரம், பிச்சாண்டி என்று மூன்று உதவியாளர்கள். மூவருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால் ஆஸ்பத்திரி எவ்வளவோ முன்னேறியிருக்கும்.

கல்யாணம் நெருங்கிய நேரத்தில் மாப்பிள்ளை வைரமணிக்கு வயிறு பிய்த்துக்கொண்டது. "கல்யாணம் நின்னுட்டா என் பொண்ணு கதி என்னங்க?" என்று பெண்ணின் அப்பா ஓடிவந்தார். வெளியூர் கிளம்பிக்கொண்டிருந்த டாக்டர் மங்களேஸ்வரி, மாப்பிள்ளையின் வயிற்றுக் கிருமியை ஒரு கண்ணாடித் தட்டில் இருந்த கூழில் தடவினார்.

"இதுல குடல் கிருமிதான் வளரும், மத்தது வராது. கூழ்ல பால் சர்க்கரை இருக்கு. அதைச் சாப்பிட்டா கிருமி ரோஸ் நிறமாயிடும். அப்ப உப்பு சர்க்கரைத் தண்ணி போதும். சாப்பிடலைன்னா வெளுப்பாவே இருக்கும். அது பொல்லாதது, உடனே இந்த மாத்திரையைக் கொடுங்க. தட்டைக் கதகதப்பா வெச்சுக்குங்க."

பிச்சாண்டி தட்டை வயிற்றில் கட்டிக்கொண்டு கம்பளியைப் போர்த்திப் படுத்துவிட்டான். மறுநாள் பார்த்தால் புள்ளி புள்ளியாகக் கிருமிகள். அத்தனையும் வெளுப்பு.

"பொல்லாததுன்னு சொல்லிடலாமா?" என்றான் சிங்காரம்.

"நாக்கை அடக்குடா! மாப்பிள்ளை வயித்துல இருந்து வந்தவங்க. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க முறையாக் கூப்பிடாம என்னைக்குக் கை நனைச்சிருக்காங்க?" என்றான் கொண்டல்சாமி.

நியாயம்தானே? மூவரும் தட்டின் முன்னால் கைகட்டி நின்று, "எல்லாரும் சாப்பிட வாங்க" என்று அழைத்தார்கள். பன்னீர் தெளித்தார்கள். சந்தனம் வைத்தார்கள். மேலே தாராளமாகக் குங்குமமும் வைத்தார்கள். தட்டு ரோஸ் ஆனது.

"சாப்பிட்டுட்டாங்கடா!" என்று பிச்சாண்டி சந்தோஷத்தில் அழுதேவிட்டான். மாப்பிள்ளைக்கு உப்பு சர்க்கரைத் தண்ணீர் போனது. பாவம், அவர் இன்னும் துவண்டார்.

கல்யாணத்துக்கு முதல் நாள் டாக்டர் திரும்பிவந்து தட்டைத் திறந்தார். பன்னீர் வாசனை அடித்தது. தலையில் அடித்துக்கொண்டு, குங்குமம் படாத ஓரத்தைத் தேடிப் பார்த்தார். வெளுப்பு! தன் கையாலேயே மாத்திரை கொடுத்தார்.

"விடியறதுக்குள்ள கோடிக்கணக்குல செத்துடும்" என்றார்.

காலையில் மாப்பிள்ளை தெம்பாக மணையில் உட்கார்ந்தார். தாலியைக் கையில் எடுத்த நேரம் பார்த்து, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு மூவரும் மண்டபத்துக்குள் ஓடிவந்தார்கள்.

"மேளத்தை நிறுத்துங்க! தீட்டு! மாப்பிள்ளை வீட்டுல சாவு!"

பெண்ணின் அப்பா பதறி எழுந்தார். "யாருய்யா போயிட்டா?"

"மாப்பிள்ளைக்கு ரொம்ப நெருக்கமானவங்க. அவர் வயித்துக்குள்ளயே இருந்தவங்க. கோடிப் பேருங்க!" என்று விம்மினான் கொண்டல்சாமி.

பெண்ணின் அப்பா பந்தியை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மெல்ல மாப்பிள்ளையின் அப்பா பக்கம் திரும்பினார்.

"நூறு பேர்தான் வருவாங்கன்னு சொன்னீங்களே, சம்பந்தி!"